சடைநாய் வாங்குமுன் சற்றே சிந்திப்போம்

(பத்தாம் வகுப்பு மாணவி)



"பிறந்தநாள் பரிசாக உனக்கு என்ன வேண்டும்?" என்று வீட்டில் கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "ஒரு நாய்க்குட்டி!" அதிலும் வெள்ளை வெளேரென்று பஞ்சுப்பொதி போல மடியில் அடங்கிவிடும் பொமரேனியன் குட்டி என்றால் கேட்கவே வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்தில் இதைச் 'சடைநாய்' என்பார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் புடவை எடுக்கக் கடைக்குப் போகும் நம் அம்மா, சாயம் போகுமா, சுருங்குமா, எத்தனை நாள் உழைக்கும் என்று பத்துக் கேள்வி கேட்ட பிறகுதானே பணப்பையைத் திறக்கிறார்? அப்படியானால் உயிருள்ள ஒரு ஜீவனை வீட்டுக்கு அழைத்து வருமுன் நாம் எத்தனை கேள்விகள் கேட்க வேண்டும்! அக்கேள்விகளையும், நாம் படித்தும் கேட்டும் அறிந்த விடைகளையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

சடைநாயின் பூர்வீகம்

ஐரோப்பாவில் பால்டிக் கடலோரமாகப் பொமரேனியா என்றொரு பகுதி இருக்கிறது. இன்று அதன் பெரும்பகுதி போலந்து நாட்டிலும், எஞ்சிய பகுதி ஜெர்மனியிலும் அடங்கியுள்ளது. பொமரேனியன் என்ற பெயர் அப்பகுதியால் வந்ததே. இந்நாயின் முன்னோர்கள் மடியில் உட்கார்ந்தவர்கள் அல்லர். குளிர்மிகுந்த வடதேசங்களில் உழைத்த பெரிய நாய்கள். கூர்மையான முகமும், நிமிர்ந்த காதும், முதுகின்மேல் வளைந்து கிடக்கும் வாலும், அடர்ந்த முடியும் கொண்ட இக்குடும்பத்தை 'ஸ்பிட்ஸ்' என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் இச்சொல்லுக்குக் 'கூர்மையானது' என்று பொருள்.

1767ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசி சார்லட் இவ்வின நாய்களைத் தம் அரண்மனைக்கு வரவழைத்தார். அவை இன்றைய பொமரேனியனைவிடப் பெரியவை. பிறகு 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்றபோது 'மார்கோ' என்ற சிறிய பொமரேனியனை வாங்கி வந்தார். ராணி வளர்ப்பதைப் பார்த்த சீமாட்டிகள் அனைவரும் சிறிய நாயையே விரும்பத் தொடங்கினர். தலைமுறைக்குத் தலைமுறை சிறிய குட்டிகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால், பெரிய நாய் மடிக்குள் அடங்கும் நாயாக மாறிற்று. 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிர் தப்பிய மூன்று நாய்களில் இரண்டு பொமரேனியன்கள். எடுத்துக்கொண்டு படகில் ஏறும் அளவுக்கு அவை சிறியனவாக இருந்ததே அவற்றைக் காத்தது.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறோம் என்றால், சடைநாயின் தொல்லைகள் பலவற்றுக்கும் விடை இதில்தான் இருக்கிறது. குளிர்நாட்டு முடி அதன் உடம்பில் அப்படியே நிற்கிறது; உடம்பு மட்டும் சுருங்கிவிட்டது. குணமோ பெரிய நாயின் குணமாகவே இருக்கிறது. வாசலில் எருமை வந்து நின்றாலும், அதைத் துரத்திவிடலாம் என்றே இரண்டு கிலோ சடைநாய் நினைக்கும்!

நாம் காண்பது பொமரேனியன்தானா?

உண்மையான பொமரேனியன் வளர்ந்த பிறகும் சுமார் 1½ முதல் 3½ கிலோ எடைதான் இருக்கும். நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் உலவும் நாய்களில் பெரும்பாலானவை 'இந்தியன் ஸ்பிட்ஸ்' இனத்தவை. ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழித்தோன்றல்கள் இவை. சிறிய வகை சுமார் 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். முகம் சற்று நீண்டிருக்கும். நம் வெயிலுக்கும் ஓரளவு பழகியது. 1994இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' என்ற இந்திப் படத்தில் வரும் 'டஃபி' இந்த இனம்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பும் இதைத் தனி இனமாக அங்கீகரித்துள்ளது.

இரண்டும் நல்ல நாய்களே. ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு மற்றொன்றை விற்பவர்கள் உண்டு. வேறுபாடு தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம். 'டீ கப்' நாய் என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டப்படும் குட்டிகளிடமும் எச்சரிக்கை தேவை. அப்படி ஓர் இனமே கிடையாது. அளவுக்கு மீறிச் சிறுத்துப் பிறந்த குட்டிகளுக்கு, ஒருவேளை உணவு தவறினாலும் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

மற்றோர் எடுத்துக்காட்டையும் கூறுவோம். 2003ஆம் ஆண்டில் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில், சிறுவன் ஒருவனைப் போகுமிடமெல்லாம் பின்தொடரும் பக் இன நாயைக் காட்டினார்கள். உடனே பக் குட்டி வேண்டுமென்று நாடெங்கும் ஆசை எழுந்தது. ஆனால் பக் நாய்க்கு முகம் தட்டையானது. மூச்சு செல்லும் வழி குறுகியது. வெயில் காலத்தில் மூச்சுத் திணறும். அதன் குறட்டையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். உண்மையில் அது மூச்சுக்குப் படும் பாடு! விளம்பரம் காட்டியது அதன் முகத்தைத்தான், மூச்சை அன்று.

பதினான்கு ஆண்டுக் கணக்கு

சடைநாயின் ஆயுள் சுமார் 12 முதல் 16 ஆண்டுகள். நடுவாக 14 என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வயதில் நாம் ஒரு குட்டியை வாங்கினால், அது கண்மூடும்போது நமக்கு வயது இருபத்தொன்பது! இடையில் என்னென்ன நடக்கும்? அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பு. பிறகு கல்லூரி, சிலருக்கு விடுதி வாசம். அதன்பின் வேலை, வேறு ஊர். சிலருக்குத் திருமணம், சிலருக்கு இறையழைத்தல். எந்த வழியில் போனாலும் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் சிலரே.

அப்படியானால் அந்த நாயை வளர்க்கப் போவது யார்? அம்மா! காலையில் நாம் பள்ளி வண்டிக்கு ஓடும்போது, நாயை வெளியே அழைத்துப் போவது யார்? உணவு வைப்பது யார்? சோபாவில் ஒட்டிய முடியைத் துடைப்பது யார்? நாய் நம்முடையது என்போம். வேலை அம்மாவுடையது ஆகிவிடும். ஆகவே அப்பாவிடம் "வாங்கித் தாருங்கள்" என்று கேட்குமுன், அம்மாவிடம் "உங்களால் முடியுமா?" என்று கேட்பதே முறை. அம்மா முடியாது என்றால் அதுவும் நியாயமான விடைதான்.

எங்கள் தெருவில் நாங்கள் கண்ட ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒரு குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனது. சாமான்களெல்லாம் லாரியில் ஏறின. அவர்கள் வளர்த்த சடைநாய் ஏறவில்லை. புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றாராம். வெள்ளை முடி சில வாரங்களில் சிக்குப் பிடித்துச் சேற்று நிறமாயிற்று. தெருநாய்கள் அதைத் தங்கள் கூட்டத்தில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் ஓடிவந்து, பூட்டிய அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் இரக்கப்பட்டுத் தம் வீட்டில் வைத்துக்கொண்டதால் அது பிழைத்தது. எல்லாச் சடைநாய்க்கும் ஒரு பாட்டி கிடைப்பதில்லை. வாடகை வீட்டில் இருப்போரும், மாற்றல் உள்ள உத்தியோகத்தில் இருப்போரும் இதை முதலிலேயே சிந்திப்பது நல்லது.

வெயிலும் முடியும்

சடைநாய்க்கு இரண்டடுக்கு முடி. உள்ளே மென்மையான பஞ்சு போன்ற அடுக்கு. வெளியே நீண்ட முடி. நம்மைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சிரைப்பதே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி.

எனவே சித்திரை, வைகாசி மாதங்களில் காலை வெயில் ஏறுமுன்னும், மாலை வெயில் தாழ்ந்த பின்னும் மட்டுமே நடக்க அழைத்துச் செல்ல வேண்டும். தார்ச்சாலையில் நம் புறங்கையைச் சற்று நேரம் வைத்துப் பார்க்கலாம்; நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும். மொட்டை மாடியில் கட்டிவைப்பதும், பூட்டிய காரில் விட்டுச்செல்வதும் உயிருக்கே ஆபத்து.

"வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமே?" என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. அந்த முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. மேலும் மழித்த இடத்தில் இவ்வினத்துக்கு முடி சரியாக வளராமலே போய்விடுவதும் உண்டு. வாரத்தில் மூன்று நாளாவது அடிமுடிவரை சீவிவிட வேண்டும். காதின் பின்புறமும், கால் இடுக்கும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் இடங்கள். குளிப்பாட்டியதும் ஈரம் முழுவதும் போகத் துவட்டாவிட்டால் தோலில் புண் வரும். வீட்டில் யாருக்கேனும் ஆஸ்துமா இருந்தால், முதலில் அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறிய உடம்பின் சிறிய எலும்புகள்

சடைநாயின் முன்னங்கால் எலும்பு மிக மெல்லியது. கட்டிலிலிருந்து குதித்தாலும், நம் கையிலிருந்து நழுவினாலும் முறிந்துவிடக்கூடும். ஆகவே சிறு குழந்தைகள் இதைத் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும். குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றித் தனியே விடக்கூடாது. இருவருக்குமே அது நல்லதன்று.

பின்னங்கால் முழங்காலில் உள்ள சில்லு இடம் விலகுவது இவ்வினத்தில் அடிக்கடி காணப்படும் கோளாறு. ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தினால், வேடிக்கை பார்க்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது மூச்சுக்குழல். அதைத் தாங்கி நிற்கும் குருத்தெலும்பு வளையங்கள் சிறிய இன நாய்களுக்கு வலுவிழந்து தட்டையாகிவிடுவதுண்டு. அப்போது வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வரும். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுத்தால் இது அதிகமாகும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையே இதற்கு ஏற்றது.

பல்லையும் மறக்கக்கூடாது. நமக்குப் பற்கள் 32, நாய்க்கோ 42. அல்சேஷனின் பெரிய தாடையிலும் 42, சடைநாயின் சின்னஞ்சிறு தாடையிலும் அதே 42! நெருக்கியடித்து முளைப்பதால் அழுக்கு தங்கி, ஈறு கெட்டு, நடுவயதிலேயே பற்கள் விழத் தொடங்கும். நாய்களுக்கான பற்பசையால் துலக்கிப் பழக்க வேண்டும். நம் பற்பசை அதற்கு ஆகாது.

உணவில் கவனம்

நாம் உண்பதையெல்லாம் நாய்க்கும் கொடுப்பது அன்பு என்று பலர் எண்ணுகிறோம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும். சாம்பார் சாதம், பிரியாணி எல்லாம் இதனால் ஆகாதவை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே பாயசமும் கிறிஸ்மஸ் கேக்கும் நம்மோடு நிற்கட்டும். வேகவைத்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் குத்தும். நாய்க்குக் காய்ச்சல் என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுப்பதும் பேராபத்து.

உடல் பருமனையும் ஒரு கணக்கால் விளக்குவோம். 3 கிலோ சடைநாய்க்கு அரைக்கிலோ கூடினால், அது அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு. 48 கிலோ எடையுள்ள நம் தோழி ஒருத்திக்கு ஒரேயடியாக 8 கிலோ கூடுவதற்குச் சமம் இது! "பாவம், பார்க்கிறதே" என்று ஆளுக்கொரு பிஸ்கட்டைப் போட்டால், அந்தச் சுமையைத் தாங்குவது அந்தச் சின்ன முழங்கால்தான்.

தடுப்பூசி கட்டாயம்

சிறிய நாய்தானே, வீட்டுக்குள்ளேயே இருப்பதுதானே, அதற்கு எதற்கு ஊசி என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். வெறிநோய்க்குப் பெரிய நாய், சிறிய நாய் என்ற பேதமில்லை. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் தடுப்பதோ எளிது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். நம் நீலகிரியில் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் இம்மருந்துப் பணியால் புகழ்பெற்றது.

நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தவணைகளில் தொடர வேண்டும். இதற்கு முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்திலேயே, டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசிகள் தொடங்கும். பார்வோ என்பது 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய நோய். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடக் கூடியது. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. குடற்பூச்சிக்கு மருந்தும், உண்ணி வராமல் பாதுகாப்பும் தேவை. உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சலுக்குப் பலியாகும் நாய்கள் நம் பக்கத்தில் பல.

சொந்த நாயே விளையாட்டாகக் கடித்தாலும், நகத்தால் பிறாண்டினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து வீட்டில் மறைப்பது மிகவும் தவறு, தங்கைமாரே! மஞ்சள் பூசுவதும், சுண்ணாம்பு தடவுவதும் வைத்தியம் ஆகா.

பெண் குட்டியானால், ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பருவம் வரும். கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். சிறிய இனங்களுக்குப் பிரசவம் சிரமமாகக்கூடும். ஆதலால் கருத்தடை அறுவையைப் பற்றியும் பெற்றோர் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்வது நன்று.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. மெல்லக் கடிப்பது எப்படி, கடித்தால் வலிக்கும் என்பதையெல்லாம் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான். ஆகவே குட்டியைத் தாயோடு வைத்துக் காட்டுபவரிடம் வாங்குவதே நல்லது. தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவதே மேல்.

கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கு ஒழுகாமல் இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வயிறு மட்டும் ஊதியிருக்கிறதா, பின்புறம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டி சாதுவானது என்று எண்ணிவிடக் கூடாது, நோயுற்றதாகவும் இருக்கலாம். வாங்கிய மறுநாளே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது உத்தமம். உங்கள் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ உரிமம் பெற வேண்டுமா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று: சடைநாய் குரைக்கும். அழைப்பு மணிக்கும் குரைக்கும், காக்கைக்கும் குரைக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அண்டை வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள் முழுவதும் வீடு பூட்டியே கிடந்தால், தனிமையில் அது ஓயாமல் ஊளையிடும்.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளை எடுத்துப் பின்வரும் கேள்விகளுக்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து விடை எழுதுங்கள்.

1. காலையிலும் மாலையிலும் நாயை அழைத்துச் செல்பவர் யார்? தேர்வு நாட்களில் யார்?
2. உணவு, ஊசி, மருந்து இவற்றுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்?
3. நடந்து போகும் தூரத்தில் கால்நடை மருத்துவமனை உண்டா?
4. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நாயை எங்கே விடுவோம்?
5. வீட்டுக்காரரும் அண்டை வீட்டாரும் சம்மதிக்கிறார்களா?
6. வீடு மாறினாலும் அது நம்மோடு வருமா?
7. கண் தெரியாமல், பல் விழுந்து, தரையை நனைக்கும் கிழநாய் ஆனபோதும் அதை மடியில் வைத்துக்கொள்வோமா?

ஏழுக்கும் விடை கிடைத்தால் மகிழ்ச்சியோடு குட்டியை அழைத்து வாருங்கள். ஒன்றிரண்டுக்கு விடை இல்லையென்றால் சிறிது காலம் பொறுங்கள். விடுமுறையில் பக்கத்து வீட்டு நாயைச் சீவிவிடவும், நடக்க அழைத்துச் செல்லவும் அனுமதி கேளுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் மனம் உங்களுக்கே தெரிந்துவிடும். விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற நாட்டு நாய்க்குட்டி ஒன்று உங்கள் தெருக்கோடியிலேயே ஒரு வீட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். ஊசி போட்டு, சோறிட்டு வளர்த்தால் அதுவும் அதே அன்போடு வால் ஆட்டும்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி மாறாது என்று பழமொழி சொல்வார்கள். மெய்தான், ஒருமுறை நம்மை நம்பிவிட்டால், அந்த நம்பிக்கையை அது கடைசிவரை மாற்றிக்கொள்வதே இல்லை. நடுவீட்டில் வைத்தவர்களின் புத்திதான் சில சமயம் மாறிவிடுகிறது. ஆகையால் தோழியரே, குட்டியின் முகத்தைப் பார்க்கப் போகுமுன் அந்த ஏழு விடைகளையும் எழுதி முடித்துவிடுங்கள். முகத்தைப் பார்த்த பிறகு யாராலும் சிந்திக்க முடியாது!